அத்தியாயம் 4: ஐசியூவில் முதல் இரண்டு வருடம்

வார்டிலிருந்து ஐசியூவுக்கு மாறி வரும் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்க மானிட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். பச்சைக் கோடு, சிவப்புக் கோடு, நீலக் கோடு, விட்டு விட்டு அடிக்கும் அலாரம். பத்து நாள் கழிந்த பிறகு எங்கள் இன்சார்ஜ் அக்கா என்னை ஒரு கட்டிலோரம் நிறுத்தினார். திரையை எனக்குத் தெரியாதபடி திருப்பிவிட்டு, "இப்போ சொல்லும்மா, இவருக்கு பிபி எப்படி இருக்கும்?" என்றார். நான் விழித்தேன். என் கையைப் பிடித்து நோயாளியின் முழங்காலில் வைத்தார். ஜில்லென்று இருந்தது. அவர் விரல் நகத்தை அழுத்தி விட்டபோது ரத்தம் திரும்பி வர ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. யூரின் பையைக் காட்டினார். இரண்டு மணி நேரமாக அதில் ஒன்றுமே சேரவில்லை. அதன் பிறகுதான் திரையைத் திருப்பினார். பிபி 100/60.

"மிஷினுக்கு இவர் இன்னும் நல்லா இருக்கார். உடம்பு அப்படிச் சொல்லலை பாரு" என்றார். டாக்டரைக் கூப்பிட்டோம். அரை மணி நேரத்தில் நாரட்ரினலின் ஓடத் தொடங்கியது.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப் போவதெல்லாம் அந்தக் கட்டிலோரத்தில் கற்றதன் தொடர்ச்சிதான். ஐசியூ நர்ஸிடம் ஆஸ்பத்திரி விலைக்கு வாங்குவது அவருடைய கவனத்தை. வென்டிலேட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும். பன்னிரண்டு மணி நேரம் கவனம் சிதறாமல் நிற்பதற்கு உடம்பு, தூக்கம், சாப்பாடு, சம்பளம், பக்கத்தில் நிற்கும் ஆள் எல்லாமே ஒத்துழைக்க வேண்டும். அதனால்தான் ஹேண்டோவரைப் பற்றியும் பிஎஃப் கணக்கைப் பற்றியும் இங்கே ஒன்றாகப் பேசுகிறேன்.

ஹேண்டோவர்

ஹேண்டோவரை நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து வாங்காதீர்கள். முந்தைய ஷிப்ட் சிஸ்டர் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார், அவர் பஸ் போய்விடும். இருந்தாலும் கட்டிலோரம் கூட்டிப் போங்கள். ஃபைலைக் கடைசியில் திறக்கலாம்.

தலையில் தொடங்குங்கள். கண்மணி இரண்டும் ஒரே அளவா, வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். காலை எட்டு மணிக்கு ஒரு கண்மணி விரிந்திருந்தால், அது ராத்திரியே விரிந்ததா, இப்போதுதான் விரிந்ததா என்பதில் ஒரு உயிர் இருக்கிறது. அடுத்தது ட்யூப். உதட்டருகே எத்தனை சென்டிமீட்டர் குறியில் கட்டியிருக்கிறார்கள்? 22 என்று எழுதியிருந்து 25-இல் நின்றால், குழாய் உள்ளே இறங்கி வலது நுரையீரலுக்கு மட்டும் காற்று போய்க்கொண்டிருக்கலாம். கஃப் பிரஷர் 20-க்கும் 30-க்கும் நடுவே இருக்க வேண்டும். பலூனை விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. மீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

பிறகு பம்புகள். ஒவ்வொரு மருந்தையும் சிரிஞ்சிலிருந்து நோயாளியின் உடம்பு வரை லைனைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். நான்கு லைன் பின்னிக் கிடக்கும் இடத்தில் நாரட்ரினலின் என்று நினைத்து நாம் தொடுவது மிடசோலமாக இருக்கும். எந்த மருந்து எத்தனை மணிக்குத் தீரும் என்று கணக்குப் போட்டு லேபிளில் எழுதுங்கள். 4 மி.கி. நாரட்ரினலினை 50 மி.லி. ஆக்கியிருந்தால் ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம் இருக்கும். மணிக்கு 5 மி.லி. ஓடினால் 60 கிலோ எடையுள்ளவருக்கு நிமிடத்துக்கு, கிலோவுக்கு 0.11 மைக்ரோகிராம் போகிறது. அந்த சிரிஞ்ச் 10 மணி நேரம் வரும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஏழுக்குத் தீரும், அதாவது ஸ்பாஞ்ச் கொடுத்துக்கொண்டும் ரத்த மாதிரி எடுத்துக்கொண்டும் எல்லாரும் ஓடும் நேரம். ஆறு மணிக்கே அடுத்த சிரிஞ்சை நிரப்பி, இரண்டாவது பம்பில் மாட்டித் தயாராக வையுங்கள். பழையது தீர்ந்த பிறகு புதியதைத் தேடினால், அந்த ஒன்றரை நிமிடத்தில் பிபி 60-க்கு இறங்குவதை நின்று பார்க்க வேண்டி வரும்.

கடைசியாக முதுகு. புரட்டிப் பார்க்காமல் ஹேண்டோவர் வாங்கினால், அங்கே இருக்கும் படுக்கைப்புண் உங்கள் ஷிப்டில் வந்ததாகத்தான் கணக்கு. இரண்டு பேர் இருக்கும்போதே புரட்டிவிடுவது உங்கள் இடுப்புக்கும் நல்லது. கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, ட்ரா ஷீட்டைப் பிடித்துப் புரட்டுங்கள். முப்பத்தைந்து வயதில் பெல்ட் போட்டுக்கொண்டு வேலைக்கு வரும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

அலாரம் அளவுகளை ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த நோயாளிக்கு ஏற்ப மாற்றுங்கள். சிஓபிடி நோயாளிக்கு 88 சாச்சுரேஷன் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கும்போது அலாரத்தை 92-இல் வைத்தால், அது ராத்திரி முழுக்க அடிக்கும். நீங்கள் ராத்திரி முழுக்க சைலன்ஸ் பட்டனை அழுத்துவீர்கள். உண்மையிலேயே விழும்போதும் கை தானாக அதே பட்டனுக்குத்தான் போகும்.

தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள்

தமிழ்நாட்டு ஐசியூவில் வேலை பார்த்தால் பூச்சிமருந்து குடித்த நோயாளியைப் பார்க்காமல் இருக்க முடியாது. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கும் விஷயம், மாவட்டத் தலைநகர ஆஸ்பத்திரிகளில் வாரந்தோறும் வரும்.

முதல் நாள் எல்லாருடைய கண்ணும் அட்ரோபின் மேல் இருக்கும். நெஞ்சில் கறகற சத்தம் அடங்கியதா, அக்குள் காய்ந்ததா, நாடி 80-க்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்றுவோம். கண்மணி விரிந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து மருந்தைக் குறைக்க வேண்டாம், முதலில் நெஞ்சைக் கேளுங்கள். மறுபக்கம், உடம்பு கொதித்து, வயிற்றுச் சத்தம் நின்று, நோயாளி காற்றில் எதையோ பிடிப்பதுபோல் கையை ஆட்டத் தொடங்கினால் மருந்து அதிகமாகிவிட்டது. கையைக் கட்டுவதற்கு முன்னால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாள்தான் ஆபத்து. நோயாளி கண் திறந்து பேசுவார். சொந்தக்காரர்கள் இளநீரோடு வாசலில் நிற்பார்கள். நமக்கும் கவனம் பக்கத்துப் பெட்டுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் கழுத்துத் தசைகள் சத்தமில்லாமல் சோர்ந்துகொண்டிருக்கும். இலங்கையில் பேராதனையைச் சேர்ந்த மருத்துவர்கள் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 1987-இல் இதை விவரித்து எழுதினார்கள். விஷம் உள்ளே போன ஒரு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்தும், கை கால்களின் மேல்பகுதியும், கடைசியில் மூச்சுத் தசையும் தளரும். அட்ரோபின் இதைத் தடுக்காது.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு விவசாயி எனக்கு நினைவிருக்கிறார். மூன்றாம் நாள் இரவு. சாச்சுரேஷன் 97, பிபி சரி, பேச்சும் சரி. மணிக்கொரு தரம் அவரிடம், "அய்யா, தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குத் தூக்கினார். பதினொன்றுக்குத் தூக்கி, உடனே போட்டுவிட்டார். பன்னிரண்டு மணிக்கு, "முடியலம்மா" என்றார். தாடை மட்டும் அசைந்தது, தலை தலையணையை விட்டு எழவில்லை. திரையில் அப்போதும் 97-தான். டூட்டி டாக்டர் வந்து பார்த்து, மயக்க மருந்து டாக்டரை வரவழைத்து, அவசரம் எதுவும் இல்லாமல், நல்ல வெளிச்சத்தில் ட்யூப் போட்டார்கள். ஒன்பது நாள் வென்டிலேட்டர். அதன் பிறகு நடந்துதான் வீட்டுக்குப் போனார். சாச்சுரேஷன் விழும்வரை காத்திருந்தால் அதே ட்யூபை நெஞ்சை அழுத்திக்கொண்டே போட்டிருப்போம்.

இந்த நோயாளிகளைத் திட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று சக்ஷன் போட்டுக்கொண்டே கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே அவர்களைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவர்களாகத்தான் கருதச் சொல்கிறது. கண் விழித்ததும் அவர்கள் கேட்கும் முதல் குரல் நம்முடையது.

மூன்று மணிக்கு டாக்டரைக் கூப்பிடுவது

புதியவர்கள் போனை எடுக்கப் பயப்படுகிறார்கள். திட்டு விழும் என்று நினைத்து, "இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். திட்டு விழுவது பெரும்பாலும் கூப்பிட்டதற்காக இல்லை, கையில் விவரம் இல்லாமல் கூப்பிட்டதற்காக. "சார், ஆறாம் பெட் நல்லா இல்ல சார்" என்றால் தூக்கத்திலிருந்து எழுந்த யாருக்கும் எரிச்சல்தான் வரும். இப்படிச் சொல்லிப் பழகுங்கள்:

"சார், ஐசியூ சிஸ்டர் பேசறேன். ஆறாம் பெட், நிமோனியா, இரண்டாம் நாள். ஒரு மணி நேரமா மூச்சு 24-லிருந்து 38 ஆயிடுச்சு. பிபி 94/50, கை கால் ஜில்லுனு இருக்கு, யூரின் இரண்டு மணி நேரத்துல 20 மி.லி.தான். ஏபிஜி எடுத்துட்டேன், இன்டியூபேஷன் ட்ரேயும் பக்கத்துல இருக்கு. நீங்க வந்து பார்க்கணும் சார்."

கடைசி வாக்கியம்தான் பலருக்கு வாயில் வராது. என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்ட பிறகு எழுதுங்கள். "டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது" என்ற ஒரு வரியால் யாருக்கும் பயனில்லை. யாரிடம், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு, என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். போனில் சொன்ன மருந்தைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு, அதையும் எழுதுங்கள். பிறகு ஒரு நாள் விசாரணை வந்தால் நம்மோடு நிற்பது அந்தப் பக்கம் மட்டும்தான்.

ஒரு பூஜ்யம்

இதை எழுதாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

என் மூன்றாம் வருடம். மாலை ஷிப்ட் முடித்துக் கிளம்பும்போது இரவு ஆள் வரவில்லை என்று டபுள் டூட்டி போட்டார்கள். சரி என்றேன். அப்போதெல்லாம் மறுத்துப் பேசத் தெரியாது. விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு அம்மாவுக்குப் பொட்டாசியம் ஏற்ற வேண்டியிருந்தது. 40 மில்லி ஈக்விவலண்ட், 100 மி.லி. சலைனில், மணிக்கு 25 மி.லி. பம்பில் எண்ணை அடித்து ஸ்டார்ட் அழுத்திவிட்டுத் திரும்பினேன். அந்தப் பக்கமாக வந்த சீனியர் அக்கா என்னைத் தாண்டிக் கையை நீட்டி பம்பை நிறுத்தினார். திரையில் 250 என்று இருந்தது. பம்ப் எந்த அலாரமும் அடிக்கவில்லை. சொன்ன வேகத்தில் அது ஓடத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். இன்னும் கால் மணி நேரம் யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த அம்மாவின் இதயம் நின்றிருக்கலாம்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பாத்ரூமில் போய் அழுதேன். பிறகு வந்து நடந்ததை இன்சிடென்ட் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பொட்டாசியம், இன்சுலின், ஹெப்பரின், ஐனோட்ரோப் எதுவானாலும் இன்னொருவரைக் கூப்பிட்டு எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லாமல் ஸ்டார்ட் அழுத்தியதில்லை. டபுள் டூட்டிக்குச் சட்டென்று சரி சொல்வதும் அன்றோடு நின்றது. தவிர்க்கவே முடியாவிட்டால், "வென்டிலேட்டர் கேஸ் ஒண்ணுதான் எடுப்பேன் அக்கா, இரண்டு மணிக்கு அரை மணி நேரம் தலை சாய்க்கணும்" என்று முன்கூட்டியே பேசிவிடுவேன்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ். நடைமுறையில் இரண்டு, சில இடங்களில் மூன்று நோயாளிகள் கைக்கு வருவார்கள். மூன்று வென்டிலேட்டரை உங்களிடம் கொடுத்தால் இன்சார்ஜிடம் வாயால் சொல்லுங்கள், டூட்டி ரிஜிஸ்டரில் எண்ணிக்கையை எழுதுங்கள். சண்டை போட வேண்டாம், எழுதினால் போதும். அந்த வரி ஒவ்வொரு நாளும் சேர்ந்தால் நிர்வாகம் படித்துத்தான் ஆக வேண்டும்.

இரவு டூட்டிக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்குங்கள். வீட்டில் மாமியாரோ அம்மாவோ இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கலாம். ஒரு நாள் உட்காரவைத்து விளக்குங்கள், பெரும்பாலானவர்களுக்குப் புரியும். காபியை ராத்திரி இரண்டு மணிக்கு மேல் குடித்தால் காலையில் தூக்கம் வராது. தொடர்ந்து மூன்று இரவு முடித்த காலையில் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். தலைக் காயத்தோடு நம் பெட்டுக்கு வருபவர்களில் நம் ஆட்களும் இருந்திருக்கிறார்கள்.

களைப்பில் உங்கள் கையிலேயே ஊசி குத்திவிட்டால் பிதுக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், உடனே தெரிவியுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை முதல் இரண்டு மணி நேரத்தில் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டு, எதிர்ப்புச் சக்தி 10-க்கு மேல் வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து, அந்த ரிப்போர்ட்டை உங்கள் கையில் வைத்திருங்கள்.

வாசலில் பாய் விரித்திருப்பவர்கள்

ஐசியூ கதவுக்கு வெளியே பாயோடும் பிளாஸ்கோடும் நாள்கணக்கில் கிடப்பவர்களுக்குக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் உயிர் போய் வரும். நோயைப் பற்றி விளக்குவது டாக்டரின் வேலைதான். ஆனால், "அம்மாவுக்கு இப்போதான் வாய் துடைச்சு, தலை சீவிவிட்டேன். காய்ச்சல் குறைஞ்சிருக்கு. ஆறு மணிக்கு டாக்டர் பேசுவார்" என்று நாம் சொல்லலாம். நிற்கவைத்துப் பேசாமல் உட்காரச் சொல்லிப் பேசுங்கள். கை ஓங்கும் நிலை வந்துவிட்டால் தனியாக நின்று வாதாட வேண்டாம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. நிர்வாகம் புகார் கொடுக்கிறதா என்று கேளுங்கள்.

இறப்பு நேர்ந்தால், சொந்தக்காரர்கள் உள்ளே வருவதற்கு முன் முகத்தைத் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டிய பசையை எடுத்து, ஒரு கையைப் போர்வைக்கு வெளியே வையுங்கள். அவர்கள் முதலில் பிடிப்பது அந்தக் கையைத்தான்.

சம்பளம், படிப்பு, பயணம்

2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு ஒரு கணக்குக் கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல் என்றால் அதிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதம். 50-க்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இது பரிந்துரை, எல்லா இடத்திலும் நடப்பதில்லை. ஆனாலும் நேர்முகத்துக்குப் போகும்போது இந்த எண்கள் தலையில் இருக்கட்டும். கையில் வரும் தொகையோடு பிஎஃப் பிடிக்கிறார்களா, 21,000-க்குள் இருந்தால் இஎஸ்ஐ உண்டா என்றும் கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் இடத்தில் சேராதீர்கள். இதில் மட்டும் என்னிடம் சமரசம் கிடையாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொன்னால், கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

இரண்டு வருடம் முடியும்முன் ஐசியூவை விட்டுப் போக வேண்டாம் என்பது என் கருத்து. முதல் வருடம் பயத்திலேயே போய்விடும், கற்பது இரண்டாம் வருடத்தில்தான். அதன் பிறகு வழிகள் பல. அரசு வேலை வேண்டுமென்றால் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். தொகுப்பூதியமா காலமுறை ஊதியமா என்பதை அறிவிப்பிலேயே படியுங்கள். கட்டிலோரத்தை விடாமல் மேலே போக விரும்பும் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு, நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த க்ரிட்டிக்கல் கேர் நர்ஸ் ப்ராக்டீஷனர் என்ற இரண்டு வருட ரெசிடென்சி முதுநிலைப் படிப்பு இருக்கிறது. நோயாளி பக்கத்திலேயே நின்று படிக்கலாம் என்பதால், எனக்குத் தெரிந்து ஐசியூ நர்ஸுக்கு மிகப் பொருத்தமான படிப்பு அதுதான்.

வெளிநாடு என்றால் பிரிட்டனுக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வில் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும்; அதற்குப் பதில் ஓஇடி எழுதினால் கேள்விகள் நம் வேலையிலிருந்தே வரும். ஜெர்மனிக்கு அவர்கள் மொழியைப் பி2 நிலை வரை படிக்க வேண்டும். ஏஜெண்ட் மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அவர் பதிவு உண்மையா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸ்களை அனுப்புகிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

வேலையை விடும்போது கோபத்தில் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு வரும்போது அவர்கள் மெயில் அனுப்புவது நீங்கள் விட்டு வந்த அதே ஆஸ்பத்திரியின் எச்ஆருக்குத்தான். எழுத்தில் ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலத்தை முடித்து, அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அதில் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். சேர்ந்த தேதி, விட்ட தேதி, ஐசியூவின் பெயர், படுக்கை எண்ணிக்கை, வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்த விவரம், கையெழுத்துப் போட்டவரின் பதவி, ஆஸ்பத்திரி முத்திரை, எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் பெயரின் இனிஷியல் பாஸ்போர்ட்டில் எப்படி விரிந்திருக்கிறதோ, அப்படியே இதிலும் விரிந்திருக்கிறதா என்று அந்த மேசையிலேயே நின்று பாருங்கள்.